அலி இக்திதார் ஷா தாரா

அலி இக்திதார் ஷா தாரா (1915 – 1981) இரண்டு நாடுகளுக்காக ஒலிம்பிக்கில் ஆடிய வளைதடிப் பந்தாட்ட (ஹாக்கி) முன்கள வீரர் ஆவார். 1936 ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்ற இந்திய அணியில் இவர் இடம்பெற்றார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1948 லண்டன் ஒலிம்பிக்கில், பாக்கித்தானின் முதல் ஒலிம்பிக் ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்கினார். இவர் மேற்குப் பஞ்சாபைச் சேர்ந்தவர். பிழைப்புக்காகவோ புகழுக்காகவோ வேறு நாட்டுக்குக் குடியேறி அணி மாறியவர் அல்லர். இவருடைய மண்ணின் மீது எல்லைக்கோடு விழுந்ததால் அணி மாறியது.

பெர்லினுக்கு வந்த அழைப்பு

1928, 1932 ஆகிய இரு ஒலிம்பிக்குகளிலும் இந்தியாவே தங்கம் வென்றிருந்தது. 1936 இல் தியான் சந்த் அணித்தலைவராக இருந்தார். பம்பாயிலிருந்து கப்பலில் கிளம்பிய அணியில் தாரா இல்லை. பெர்லின் சென்றடைந்த அணி சூலை 17 அன்று செருமனியுடன் ஒரு பயிற்சி ஆட்டம் ஆடியது. அதில் 1–4 என்று தோற்றது. எட்டு ஆண்டுகளாக உலகை வென்று வந்த அணிக்கு இது பெரிய அதிர்ச்சி. முன்களத்தில் ஓர் ஓட்டை இருப்பதை உணர்ந்த தியான் சந்த்தும் மேலாளர்களும் தாராவை உடனே அனுப்பும்படி இந்தியாவுக்குச் செய்தி அனுப்பினர். தாரா விமானத்தில் வந்து சேர்ந்தார். விளையாட்டு வீரர்கள் வாரக்கணக்கில் கப்பலில் பயணம் செய்த காலம் அது. ஒரே ஒரு ஆட்டக்காரருக்காக விமானச் செலவு செய்தார்கள் என்பதிலிருந்தே அவரது தேவை எவ்வளவு என்பது விளங்கும்.

அக்காலத்து ஹாக்கியில் முன்களத்தில் ஐந்து பேர் வரிசையாக ஆடுவர். நடுவில் ஒருவர், இரு ஓரங்களிலும் ஒவ்வொருவர், இடைவெளிகளில் இருவர். நடுவில் தியான் சந்த். அவருக்கு இடப்புறம் அவருடைய தம்பி ரூப் சிங். தாராவுக்குக் கிடைத்தது நடுவருக்கும் வலது ஓரக்காரருக்கும் இடைப்பட்ட இடம். ஓரத்திலிருந்து வரும் பந்தை வாங்கி நடுவே சேர்ப்பதும், வாய்ப்புக் கிடைத்தால் தானே கோல் அடிப்பதும் இந்த இடத்தில் நிற்பவரின் வேலை. தியான் சந்த் போன்ற ஒருவருக்குப் பக்கத்தில் ஆடுபவர் அவருடைய எண்ண ஓட்டத்தை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். புதிதாக வந்து இறங்கிய ஒருவர் இதைச் சில நாட்களில் செய்து காட்டியதுதான் தாராவின் திறமைக்குச் சான்று.

குழு ஆட்டங்களில் அங்கேரி, அமெரிக்கா, சப்பான் ஆகிய அணிகளை இந்தியா ஏற்கெனவே வென்றிருந்தது. தாரா அரையிறுதியில் களமிறங்கினார். பிரான்சு 0–10 என்று வீழ்ந்தது.

1936 ஆகத்து 15

இறுதி ஆட்டம் முதல் நாள் பெய்த மழையால் ஒத்திவைக்கப்பட்டு ஆகத்து 15 அன்று நடந்தது. எதிரணி, பயிற்சி ஆட்டத்தில் இந்தியாவை வென்ற அதே செருமனி. ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் துணை மேலாளர் பங்கஜ் குப்தா காங்கிரசின் மூவர்ணக் கொடியை எடுத்து விரித்தார். வீரர்கள் அதற்கு வணக்கம் செலுத்திவிட்டுக் களத்துக்குச் சென்றனர். அதிகாரமுறையில் அவர்கள் பிரித்தானியக் கொடியின் கீழ் ஆடிய அணி. இந்து, முசுலிம், ஆங்கிலோ-இந்தியர் எனப் பலரும் அந்த அறையில் இருந்தனர்; அவர்களுள் தாராவும் ஒருவர்.

இடைவேளை வரை இந்தியா 1–0 என்று மட்டுமே முன்னிலையில் இருந்தது. பிற்பாதியில் ஏழு கோல்கள் விழுந்தன. முடிவு 8–1. அந்த ஒலிம்பிக் முழுவதிலும் இந்தியா வாங்கிய ஒரே கோல் இந்த ஆட்டத்தில் வந்ததுதான். இந்தியா அடித்தவற்றுள் இரண்டு தாராவுடையவை, மூன்று தியான் சந்த்துடையவை என்பது பரவலாகக் கூறப்படும் கணக்கு. தியான் சந்த் ஆறு அடித்தார் என எழுதுவோரும் உண்டு. பெரும்புகழ் பெற்ற ஒருவருடன் ஆடியவர்களின் கோல்கள் இப்படித்தான் அவர் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

அதே தேதியில், பதினோரு ஆண்டுகள் கழித்து, இந்தியா விடுதலை பெற்றது. பாக்கித்தான் தனி நாடானது.

லண்டன் 1948

இரண்டாம் உலகப் போரால் 1940, 1944 ஒலிம்பிக்குகள் நடைபெறவில்லை. தாரா தன் இருபதுகளின் பெரும்பகுதியை ஒலிம்பிக் இன்றிக் கழித்தார். லண்டனுக்குச் சென்றபோது வயது 33. பிறந்து ஓராண்டுகூட நிரம்பாத ஒரு நாட்டின் அணித்தலைவர் அவர்.

குழு ஆட்டங்கள் நான்கிலும் பாக்கித்தான் வென்றது. டென்மார்க்கை 9–0 என்றும் நெதர்லாந்தை 6–1 என்றும் தோற்கடித்தது. மறுபுறம் இந்தியாவும் தோல்வியின்றி அரையிறுதிக்கு வந்தது. இரண்டும் அரையிறுதியில் வென்றால் இறுதி ஆட்டம் இந்தியாவுக்கும் பாக்கித்தானுக்கும் இடையில் நடக்கும் நிலை. பிரிவினையின் காயம் ஆறாத நேரம் அது. இந்தியா நெதர்லாந்தை 2–1 என்று வென்றது. பாக்கித்தானோ பிரித்தானியாவிடம் 0–2 என்று தோற்றது. தாரா தன் பழைய அணியை எதிர்த்து ஆடும் வாய்ப்பு அத்துடன் போயிற்று. ஆகத்து 12 அன்று வெம்பிளியில் இந்தியா பிரித்தானியாவை 4–0 என்று வென்று தங்கம் பெற்றது.

வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பாக்கித்தான் மீண்டும் நெதர்லாந்தைச் சந்தித்து 1–1 என்று சமன் செய்தது. மறு ஆட்டத்தில் 1–4 என்று தோற்றது. குழு ஆட்டத்தில் ஆறு கோல் அடித்து வென்ற அணியிடமே பதக்கத்தை இழந்து நான்காம் இடம் பெற்றது. ஆகவே தாராவின் ஒரே ஒலிம்பிக் பதக்கம் இந்தியாவுக்காக வென்றதாகவே உள்ளது.

அணி மாறிய பிறர்

1948 இல் இந்தியாவுக்காகத் தங்கம் வென்ற அணியில் லத்தீப்-உர்-ரகுமான், அக்தர் உசேன் என்ற இருவர் இருந்தனர். இருவரும் போபால் ஹாக்கியிலிருந்து வந்தவர்கள். இருவரும் பின்னர் பாக்கித்தானுக்குச் சென்றனர். 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற பாக்கித்தான் அணியில் இவர்கள் இடம்பெற்றனர். அந்த இறுதி ஆட்டத்தில் இந்தியா 1–0 என்று வென்றது. தாராவுக்கு நேராமல் போன சந்திப்பு எட்டு ஆண்டுகள் தாமதமாக நடந்தது.

கால்பந்தில் அணி மாற்றம் பெரும்பாலும் வேறு காரணங்களால் நடந்தது. அங்கேரிக்காக 85 ஆட்டங்களில் 84 கோல் அடித்த பெரெங்க் புசுகாசு, 1956 புரட்சிக்குப் பின் நாடு திரும்பாமல் எசுப்பானியாவுக்காக ஆடினார். அங்கு நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அர்கெந்தீனாவின் ஆல்பிரெடோ டி இசுடெபானோவும் எசுப்பானியாவுக்காக ஆடியவரே. இத்தகைய மாற்றங்கள் பெருகியதால் 1960களில் பிஃபா விதிகளைக் கடுமையாக்கியது.

ஒலிம்பிக்கில் இன்றைய விதிப்படி, ஒரு நாட்டுக்காக ஆடியவர் மற்றொரு நாட்டுக்கு மாற மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆனால் ஒரு பகுதி தனி நாடாகப் பிரிந்தால், அங்குள்ள வீரர் பழைய நாட்டுக்கே தொடர்ந்து ஆடலாம், அல்லது புதிய நாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். இந்தத் தேர்வு ஒருமுறை மட்டுமே.