உங்களுக்குத் தெரியுமா? – ஹைதராபாத் சினிமா ஸ்பெஷல்

ஹைதராபாத்தில் புதுப்படம் தேறுமா தேறாதா என்பது வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பிரசாத்ஸ் தியேட்டர் வாசலில் தெரிந்துவிடும். முதல் காட்சி முடிந்து வருகிறவர்கள் முன்னால் யூடியூப்காரர்கள் மைக்கை நீட்டுவார்கள். ‘பப்ளிக் டாக்’ என்று அதற்குப் பெயர். நம் பக்கம் மைக் வருவதாகக் காணோம். அதனால் நம்ம ‘டாக்’ இங்கே.

அந்த தியேட்டர் எல்.வி.பிரசாத் குடும்பத்தாருடையது, திறந்தது 2003ல். இந்தியாவின் முதல் பேசும்படம் ‘ஆலம் ஆரா’, தமிழ் பேசிய முதல் படம் ‘காளிதாஸ்’, தெலுங்கின் முதல் பேசும்படம் ‘பக்த பிரகலாதா’ மூன்றிலும் தலைகாட்டியவர் பிரசாத். வேடமெல்லாம் சின்னதுதான். ஆனால் அந்தப் பெருமையில் பங்குக்கு வர ஆளில்லை!

‘கில்லி’யின் தாய்ப்படம் 2003 சங்கராந்திக்கு வந்த மகேஷ் பாபுவின் ‘ஒக்கடு’ என்பது பலருக்கும் தெரியும். அங்கே நாயகனும் நாயகியும் ஒதுங்குவது சார்மினாரில். ‘கில்லி’ இயக்குநர் தரணி அதைத் தூக்கிவிட்டுக் கலங்கரை விளக்கத்தை வைத்தார். கர்னூல் மதுரையானது. மாறாத ஒரே ஆள் வில்லன்: இரண்டிலும் பிரகாஷ்ராஜ்தான். ‘ஒக்கடு’வில் வரும் சார்மினாரும் சுற்றுத்தெருக்களும் முக்கால்வாசி செட் என்பதைச் சொன்னால் ஊர்க்காரர்களே நம்ப யோசிப்பார்கள். நம் தீர்ப்பு? ஊரைக் காட்டியதில் ‘ஒக்கடு’, கலகலப்பில் ‘கில்லி’. ‘செல்லம்’ என்று கொஞ்சும் வில்லனுக்கு முன்னால் தெலுங்கு வில்லன் கொஞ்சம் விறைப்புதான்.

ராம்கோபால் வர்மா சிவில் இன்ஜினியர். ஹைதராபாத்தில் ஹோட்டல் கட்டுமானத்தில் வேலை பார்த்தவர், அதை உதறிவிட்டு அமீர்பேட்டில் வீடியோ கேசட் கடை போட்டார். அப்புறம் எடுத்த முதல் படம்தான் ‘சிவா’ (1989). தமிழில் ‘உதயம்’ என்று டப்பாகி இங்கேயும் ஓடியது. சைக்கிளைச் சாய்த்து, செயினை ஒரே இழுப்பில் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொள்வாரே நாகார்ஜுனா, அந்தக் காட்சிக்கு இன்றும் விசில் பறக்கும். எனக்கென்னவோ, குரலை உயர்த்தாமலே மிரட்டிய ரகுவரனுக்குத்தான் முதல் மார்க். இளையராஜாவின் பின்னணி இசைக்கு அடுத்தது.

1920களில் தீரேன் கங்குலி என்ற வங்காளி, நிஜாம் ஆதரவோடு ஹைதராபாத்தில் ‘லோட்டஸ்’ என்ற படக்கம்பெனி நடத்தினார். ‘ரஸியா பேகம்’ என்ற படத்தைத் திரையிட்டார். முஸ்லிம் அரசிக்கும் இந்து இளைஞனுக்கும் காதல் என்ற கதை நிஜாமுக்குப் பிடிக்கவில்லை. மூட்டை கட்டு என்று உத்தரவு வந்துவிட்டது.

17 லட்ச ரூபாய், 17 நாள் படப்பிடிப்பு. இவ்வளவுதான் ‘ஹைதராபாத் புளூஸ்’ (1998). அமெரிக்காவில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் நாகேஷ் குக்குனூர் எழுதி, இயக்கி, தானே நாயகனாகவும் நடித்தார். நடிப்பு சுமார். பேச்சு படு ஜோர்.

ராமோஜி ஃபிலிம் சிட்டி உலகின் மிகப் பெரிய ஸ்டுடியோ வளாகம் என்று கின்னஸ் சொல்கிறது. ‘பாகுபலி’யின் மகிழ்மதி எழும்பியதும் அங்கேதான். பெரிசு என்பதைத் தவிர அந்த ஊரின் வாசனை அதில் இல்லை.

வாசனை வேண்டுமென்றால் ‘அங்கூர்’ (1974). ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்த ஷியாம் பெனகலின் முதல் முழுநீளப் படம். ஷபானா ஆஸ்மிக்கும் முதல் படம் அதுவே; எடுத்த எடுப்பில் தேசிய விருது. பண்ணையார் மகன் வேலைக்காரியை ஏமாற்றுகிற கதை, பாத்திரங்கள் பேசுவது தக்கனி உருது. கடைசியில் ஒரு சிறுவன் பண்ணை வீட்டு ஜன்னலில் கல்லெறிந்துவிட்டு ஓடுவான். வசனமே கிடையாது. இதற்கு ஈடான முடிவைத் தெலுங்கு, இந்தி இரண்டிலும் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அதே தக்கனியை வைத்து வயிறு வலிக்கச் சிரிக்கவைத்த படம் ‘தி அங்கிரேஸ்’ (2006). சார்மினார் பக்கம் வெட்டியாய் உட்கார்ந்து கதையளக்கும் இஸ்மாயில் பாயும் அவர் கூட்டாளிகளும், அமெரிக்காவிலிருந்து வந்த இரண்டு சாஃப்ட்வேர்காரர்களும் முட்டிக்கொள்வதுதான் கதை. பெரிய நட்சத்திரம் கிடையாது. ஆனாலும் பழைய நகரத்து வாலிபர்களுக்கு வசனம் மனப்பாடம்.

இரண்டையும் ஒரே நாளில் பார்க்கிறவர்கள் ‘அங்கூர்’ஐ முதலில் முடித்துவிடுங்கள். இஸ்மாயில் பாய்க்குச் சிரித்துவிட்டு அந்தக் கல்லெறியைப் பார்த்தால் ஒட்டவே ஒட்டாது.