வாரமும் 'ரெண்ட்'டும்: பொருளியல் முறையியல் விவாதத்தில் ஒரு சொற்சிக்கல்

பொருளியலின் ஆய்வுமுறை எதுவாக இருத்தல் வேண்டும் என்ற வினா பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞரைப் பிளவுபடுத்தியது. சில எடுகோள்களிலிருந்து முடிவுகளை உய்த்தறிய வேண்டும் என்றனர் ஒரு சாரார். நாடுதோறும் நிலவும் வழக்குகளைத் திரட்டிப் பொதுவிதி காண வேண்டும் என்றனர் மறுசாரார். கார்ல் மெங்கருக்கும் குஸ்தாவ் ஷ்மோலருக்கும் 1883இல் மூண்ட பூசல் பலரும் அறிந்தது. அதற்கு அரை நூற்றாண்டு முன்னர் ஆங்கிலத்தில் நிகழ்ந்த விவாதமே மொழிபெயர்ப்பாளருக்குக் கூடுதல் பயன் தருவது. அது பெரும்பாலும் 'ரெண்ட்' என்னும் ஒரு சொல்லைச் சுற்றி எழுந்தது.

ரிகார்டோ 1817இல் அச்சொல்லின் பொருளைச் சுருக்கினார். சாகுபடியிலுள்ள நிலங்களுள் கடைத்தரமானதன் விளைவுக்கும் அதனினும் நல்ல நிலத்தின் விளைவுக்கும் உள்ள வேறுபாடே அவர் கூறும் ரெண்ட். ரிச்சர்டு ஜோன்ஸ் 1831இல் இதனை மறுத்தார். முதலீட்டுடன் நிலத்தை ஏற்று நடத்தும் குத்தகையாளர் உலகின் சிறு பகுதியிலேயே உள்ளனர். பிற இடங்களில் உழவர் உழைப்பாகவோ விளைச்சலில் பங்காகவோ செலுத்துகின்றனர், அல்லது அரசுக்கே செலுத்துகின்றனர் என்பது அவர் வாதம். இறுதி வகையை 'ரயத்து ரெண்ட்' என்றார். அதற்கு இந்தியாவையும் சான்று காட்டினார். வரையறை செய்தால் பூசல் அடங்கும் என்றெண்ணியோ என்னவோ, மால்தஸ் 1827இலேயே பொருளியல் வரையறைகளுக்கெனத் தனிநூல் வெளியிட்டிருந்தார். பூசல் அடங்கவில்லை.

இன்று திருப்பதி மாவட்டத்திலுள்ள ஏர்பேடு வட்டாரத்தை இங்கு எண்ணிப் பார்க்கலாம். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இப்பகுதி வட ஆர்க்காட்டைச் சார்ந்திருந்தது. அம்மாவட்டத்தில் காளத்தி, கார்வேட்டிநகரம் ஆகிய ஜமீன்களும் இருந்தன. ரயத்துவாரி ஊர்களும் இருந்தன. ஜமீன்தாருக்கு உழவர் கொடுத்தது ரெண்ட் எனப்பட்டது. ரயத்துவாரி ஊரில் அரசுக்குக் கொடுத்தது தீர்வை எனப்பட்டது. உழவர் வழக்கிலோ சொற்கள் வேறு அடிப்படையில் அமைந்தன. வாரம் விளைச்சலின் பங்கைக் குறித்தது. அதுவும் மேல்வாரம், குடிவாரம் என இருதிறத்தாருக்கும் உரியது. குத்தகை உறுதிசெய்த தொகையை உணர்த்தியது. அரபு மூலமுடைய கிஸ்தி தவணையைச் சுட்டியது. இவற்றுள் எதுவும் ரிகார்டோவின் வேறுபாட்டு மிகையைக் குறிக்கவில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அரசே நிலத்துக்கு உடையவர், எனவே நிலவருவாய் ரெண்ட்தான் என்று கொண்டார் ஜேம்ஸ் மில். ரிகார்டோவின் கோட்பாட்டில் ரெண்ட் விலையைத் தீர்மானிப்பதில்லை. ஆகவே அதனை முழுவதும் அரசு எடுத்துக்கொண்டாலும் உற்பத்தி குன்றாது என்பது அதன் தொடர்ச்சி. அதே தொகையை வரி என்று பெயரிட்டால் இவ்வாதம் நில்லாது. உழவரிடம் எவ்வளவு தண்டலாம் என்பது ஒரு சொல்லின் பொருளைச் சார்ந்து நின்றது. மகாதேவ கோவிந்த ரானடே 1892இல் புனே தக்காணக் கல்லூரியில் ஆற்றிய உரையில், ஆங்கிலப் பொருளியலின் எடுகோள்கள் இந்தியாவுக்குப் பொருந்தா என்று வாதிட்டு வரலாற்று முறையின் பக்கம் நின்றார்.

நம் பாடநூல்கள் ரிகார்டோவின் கோட்பாட்டை 'வாரக் கோட்பாடு' என்றே வழங்குகின்றன. எதனைக் காட்டி ஜோன்ஸ் ரிகார்டோவை மறுத்தாரோ அதன் பெயர் ரிகார்டோவின் கருத்துக்கே சூட்டப்பட்டுவிட்டது! ஜோன்சைத் தமிழாக்க முற்படுவோர் இதனை உடனே உணர்வர். இருவர் கருத்தும் மோதும் தொடரில் ஒரே சொல் இருபுறமும் வந்து நிற்கும். ரிகார்டோவுக்கு 'நில மிகை' எனவும் ஜோன்சின் பங்குமுறைகளுக்கு 'வாரம்' எனவும் ஆளலாம் என்பது என் கருத்து. முறைகளின் பெயர்களிலும் இத்தகைய இடர் உண்டு. தொகுத்தாய்வு பொருந்துகிறது, பகுத்தாய்வு என்பதோ கூறுகளாகப் பிரித்தலையும் குறிப்பதால், எடுகோளிலிருந்து முடிவு காணும் முறைக்கு உய்த்தறிமுறை என்பதே தெளிவு.