கார்த்திகேயனின் தாய்மார்

பெற்றவர் ஒருவராகவும் வளர்த்தவர் வேறொருவராகவும் அமைந்த பிள்ளைகளின் கதை தமிழருக்குப் புதியதன்று. அற்புதங்கள் நிறைந்த அத்தகைய கதைகளுள் யாழ்ப்பாணத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்தது கந்தபுராணமாகும். காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியார் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களில் பாடிய இந்நூல், யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராணபடனமாக நிலைபெற்றது. ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார்; மற்றொருவர் பயன் சொல்லுவார். எழுத்தறியாதவரும் கதை முழுவதையும் செவிவழியே அறிந்திருந்தனர். இவ்வழியே வளர்ந்த வாழ்க்கை முறையைப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை ‘கந்தபுராண கலாசாரம்’ என்று குறித்தார்.

அக்கதையின் தொடக்கத்திலேயே வளர்ப்புறவின் பெருமை பேசப்படுகிறது. இறைவனின் நெற்றிக்கண்களிலிருந்து எழுந்த ஆறு பொறிகள் சரவணப் பொய்கையை அடைந்து, தாமரை மலர்களில் ஆறு குழந்தைகளாகின்றன. அவற்றைப் பாலூட்டி வளர்ப்போர் கார்த்திகைப் பெண்கள் அறுவர். பின்னர் உமாதேவியார் வந்து அறுவரையும் ஒருசேர எடுத்து அணைக்க, ஆறு திருமுகங்களும் பன்னிரு கரங்களும் கொண்ட ஒரே மைந்தன் தோன்றுகிறான். ஒன்றாய்ச் சேர்ந்தமையால் அவன் கந்தன் எனப்பட்டான். கதை அத்துடன் வளர்த்தவரை மறந்துவிடவில்லை. பிள்ளையைப் பேணிய கடனுக்கு ஈடாக, அவன் அவர்கள் மைந்தன் என்றே பெயர் பெறுவான் என்று இறைவன் வரமளிக்கிறான். கார்த்திகேயன் என்னும் பெயர் அவ்வாறு வந்தது. கார்த்திகை விரதம் இன்றும் அத்தாய்மாரை நினைவூட்டுகிறது.

இவ்வாறு தொடங்கிய குடும்பம் மேலும் விரிகிறது. வள்ளி, கிழங்கு அகழ்ந்த குழியிலே கிடந்த குழந்தை. வேடர் தலைவனாகிய நம்பி அவளைக் கண்டெடுத்துத் தன் மகளாக வளர்த்தான். அவள் கந்தனை மணக்கிறாள். தேவர் கோமானின் மகள் தெய்வயானை ஒருபுறமும், வேடர் வளர்த்த வள்ளி மறுபுறமும் நிற்கின்றனர். பகைவனாகிய சூரபன்மனும் விலக்கப்படவில்லை. மாமரமாய் நின்ற அவனை வேல் பிளந்தபோது, ஒரு கூறு மயிலாகவும் மற்றொரு கூறு சேவலாகவும் மாறி, ஊர்தியும் கொடியும் ஆயின. ஐப்பசித் திங்களில் சூரன்போர் காணக் கூடும் மக்கள், பகைவனுக்கும் இடங்கொடுத்த அந்த முடிவைக் கண்டே வீடு திரும்புகின்றனர்.

ஆயினும், இக்கதையைக் கேட்டு உருகிய சமுதாயத்தில் எல்லோர்க்கும் கோயிலுள் இடமிருந்ததா என்னும் கேள்வி எழாமற் போகவில்லை. சாதியின் பெயரால் ஒரு பகுதி மக்கள் நெடுங்காலம் மதிலுக்கு வெளியே நின்றே வழிபட்டனர். 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் நிலைமை எளிதில் மாறவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் வழிபடச் சென்றோர் வாயிலில் மறிக்கப்பட்டனர். அங்கே பெரும் போராட்டம் மூண்டது. ஆறு தாய்மாரிடம் வளர்ந்த தெய்வத்தின் கோயிலே பிறப்பைக் கேட்டுக் கதவடைத்தது.

அப்போது வடமராட்சியிலிருந்து ஒரு மறுமொழி கிடைத்தது. யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடைப்பட்ட வீதியில், கரவெட்டியை அடுத்து அமைந்த சந்தை ஊர் நெல்லியடி. அவ்வூரின் அம்பலத்தாடிகள் குழுவினர் 1969இல் ‘கந்தன் கருணை’ என்னும் கூத்தை மேடையேற்றினர். எழுத்தாளர் என்.கே. ரகுநாதன் எழுதிய நாடகமே அதற்கு அடிப்படை. அதனைக் கூத்தாக்கும் பணியில் இளைய பத்மநாதன் முன்னின்றார். கந்தனே மண்ணுலகுக்கு இறங்கி வந்து, வாயிலுக்கு வெளியே நிற்கும் அடியாரின் பக்கம் சேருவதாக அக்கற்பனை அமைந்தது.

அவர்கள் தெரிந்தெடுத்த வடிவமும் கருதத்தக்கது. காத்தவராயன் கூத்து அப்பகுதியில் அம்மன் கோயில்களில் நேர்த்தியாக ஆடப்படுவது. பிறப்பின் வேற்றுமையைக் கடந்து ஆரியப்பூமாலையை விரும்பிக் கழுமரம் ஏறியவன் காத்தவராயன். அக்கூத்தின் சிந்து மெட்டுகளைச் சிறுவர் முதல் முதியோர் வரை வாயாரப் பாடுவர், காலடியும் எளிமையானது. தெரிந்த மெட்டிலே புதிய பொருள் வந்தபோது, விளக்கம் சொல்ல ஒருவர் வேண்டியிருக்கவில்லை. அம்மனுக்கு நேர்ந்து ஆடிய கால்களே உரிமைக்காகவும் ஆடின. சட்டத்தின் சொற்களை அறியாதவரும், தம்முடைய கந்தன் தமக்காக வெளியே வந்து நிற்பதை அறிந்துகொண்டனர்.

புராணக் கற்பனை மக்களை மயக்கி உறங்க வைக்கும் என்போர் உண்டு. நெல்லியடியில் அது அவ்வாறு பயன்படவில்லை. கூத்தினர் வெளியிலிருந்து புதிய நீதி எதனையும் கொண்டுவந்து புகுத்தவில்லை. பால் கொடுத்தவள் தாய், எடுத்து வளர்த்தவன் தந்தை, வந்து சேர்ந்தவன் உறவினன் என்று புராணமே சொல்லியிருந்ததை நடைமுறைக்குக் கொண்டுவரக் கேட்டனர். போராட்டங்களின் பயனாகப் பல கோயில்களின் கதவுகள் பின்னர் திறந்தன. திறவாத இடங்களிலும் அதே புராணம் படிக்கப்படுகிறது. கார்த்திகேயன் என்ற பெயர் அங்கும் ஒலிக்கிறது.