மூடுபனியில் நீந்தும் மீன்கள்

முடிவு தெரிந்த கதையை மறுபடியும் பார்ப்பதில் என்ன இன்பம் என்று சிலர் கேட்பதுண்டு. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலே காமன் கூத்துப் பார்த்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். மன்மதன் எரிவான், ரதி புலம்புவாள், அவன் மீண்டும் எழுவான் என்பதெல்லாம் அங்கே சிறு குழந்தைக்கும் தெரியும். எனினும் மக்கள் ஆண்டுதோறும் விழித்திருந்து பார்க்கின்றனர். கதை அதுவேதான், பார்க்கும் நமக்கு மாத்திரம் ஒரு வயது கூடிவிடுகிறது.

மார்கழி விடுமுறையில் நம் இல்லத்தார் விரும்பிப் பார்க்கும் தொலைக்காட்சிச் சித்திரம் ஒன்றுண்டு. காலத்தைக் கடந்து செல்லும் ஒரு விசித்திரப் பிரயாணியின் கதையாகிய ‘டொக்டர் ஹூ’ என்னும் விஞ்ஞானத் தொடரை பி.பி.ஸி. 1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி தொடங்கியது. 1965ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று ஒளிபரப்பான பகுதியின் படச்சுருள் அழிந்துபோயிற்று. ஒலி மட்டுமே எஞ்சியுள்ளது. 2005 முதல் பல ஆண்டுகள் நத்தாருக்கெனத் தனிப் பகுதிகள் வெளிவந்தன. அவற்றுள் 2010ஆம் ஆண்டுப் பகுதியே நமக்கு உவப்பானது. சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய நத்தார்க் கதையைத் தழுவி, ஸ்டீவன் மொஃபட் அதனை எழுதினார்.

வேற்றுக் கிரகமொன்றின் மேகங்களைத் தன் இயந்திரத்தால் ஆள்பவன் கஸ்ரான் சார்டிக் என்னும் முதிய செல்வன். கடனுக்கு ஈடாக மனிதரையே உறையவைத்துப் பூட்டிவைத்திருப்பவன். 4003 பேருடன் ஒரு விண்கப்பல் புயலிற் சிக்கி வீழ்கின்றது. அவன் மனம் வைத்தால் அதனைக் காக்கலாம், மறுக்கிறான். அந்நகரின் மூடுபனியிலோ மீன்கள் நீந்துகின்றன! ஹந்தானை மலையிலிருந்து பனி இறங்கும் காலையில், நம் வீட்டுச் சிறுவர்கள் சாளரத்தருகே நின்று மீன் தேடுவதில் வியப்பில்லை.

இரக்கமற்ற அம்முதியவனிடத்தும் ஒரு நம்பிக்கைக் கீற்றை டொக்டர் காண்கிறார். தன்மேல் பொருளை வீசிய சிறுவனை அடிக்க அவன் கையை ஓங்குகிறான், அடிக்க முடியவில்லை. தந்தையிடம் அடிபட்டு வளர்ந்தவன் அவன். ஆகவே டொக்டர் அவனது இளமைக்கே சென்று, அச்சிறுவனுக்குத் தோழராகிறார். அபிகெயில் என்னும் பெண்ணின் அன்பும் அவனுக்குக் கிட்டுகிறது. எனினும் அவளுடைய ஆயுளில் ஒரே ஒரு நாள்தான் மிச்சம் என்றறிந்ததும், அவன் நெஞ்சு மறுபடியும் இறுகிவிடுகிறது.

இறுதியிலே டொக்டர் செய்யும் காரியம் நுட்பமானது. முதியவனுக்கு எதிர்காலத்தைக் காட்டாமல், சிறுவன் கஸ்ரானைக் கொணர்ந்து முதியவன்முன் நிறுத்துகிறார். அச்சிறுவனுக்கு எதிர்காலம் இம்முதியவனே! முதியவன் கை ஓங்குகிறான். சிறுவனோ அவனைத் தன் தந்தையென்றே எண்ணி அஞ்சுகிறான். அக்கணமே ஓங்கிய கை தாழ்கிறது. கிழவன் குழந்தையைத் தழுவி அழுகிறான். மைக்கேல் காம்பன் என்னும் பெருநடிகரின் முகத்தில் அப்போது தோன்றும் மாற்றத்தைக் காண்பதற்காகவே இதனை எத்தனை முறையும் பார்க்கலாம். அவர் 2023இல் மறைந்தார்.

மனம் மாறியவனை இயந்திரம் ஏற்க மறுக்கிறது. கொடிய மனிதனுக்கென அமைந்த கருவி நல்லவனுக்குப் பணியவில்லை. பிறகு, எஞ்சிய ஒரு நாளுக்காக விழித்தெழுந்த அபிகெயிலின் பாட்டே புயலைத் தணித்துக் கப்பலைக் காக்கிறது.

முன்னாளில் இதனைப் பார்த்தபோது நம் கண் சிறுவன்மீதே இருந்தது. நாற்பதைக் கடந்த பின்னர் அந்த ஓங்கிய கைமீது செல்கிறது. பிள்ளையைக் கண்டித்து வளர்த்தலே கடமையென்று கருதும் சமூகம் நம்முடையது. வாங்கிய அடியை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதை வளர்ப்பென்றே பலர் நினைக்கின்றனர். காலயந்திரம் நம்மிடம் இல்லை. ஆயினும் பத்து வயதில் நாம் எதற்கு அஞ்சினோம் என்பதை நாம் மறந்துவிடவில்லை. இன்று கையை ஓங்குமுன், அந்தப் பத்து வயதுப் பிள்ளையை ஒருகணம் எதிரே நிறுத்திப் பார்க்கலாம்.

பெற்றோரே, இந்த மார்கழியில் பிள்ளைகளோடு அமர்ந்து இச்சித்திரத்தைப் பாருங்கள். அவர்கள் மீன்களைப் பார்க்கட்டும். நாம் அந்தக் கையைப் பார்ப்போம்.