பில்லைப் பிரித்துக் கேளுங்கள்

டிரிப்ஸ் ஏறும் குழாயில் ஒரு சின்ன பிளாஸ்டிக் திருகு இருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் மருந்து ஏறும். மறுபக்கம் திருப்பினால் நிற்கும். கட்டைவிரல் நீளம்தான். அதை 5 ரூபாய் 77 காசுக்கு வாங்கி, நோயாளியின் பில்லில் 106 ரூபாய் என்று ஏற்றியிருந்தார்கள். தில்லி வட்டாரத்துத் தனியார் மருத்துவமனைகள் நான்கின் பில்களை தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஆராய்ந்து, 2018இல் வெளியிட்ட கணக்கு இது. லாபம் 1,737 சதவீதம்!

அதற்கு முந்தைய ஆண்டுதான் மருந்து பூசிய இதய ஸ்டென்ட்டுக்கு, வரி நீங்கலாக 29,600 ரூபாய் என்று இதே ஆணையம் உச்சவரம்பு வைத்திருந்தது. ஆனால் ஸ்டென்ட் விலை மட்டும் குறைந்தால் போதுமா? கையுறை, ஊசி, பரிசோதனை, அறை வாடகை என்று பில் வேறு வழியில் வீங்கலாம். ஆகவே இரண்டு மருத்துவமனைகளை ஒப்பிடுபவர்கள், பேக்கேஜில் எது சேரும், எது சேராது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

செலவு பாதிக் கணக்குதான். குணமானதா என்பது மறுபாதி. மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, அறுவைக்குப் பின் வரும் சிக்கல்களைப் பதிவு செய்து ஆராய்கிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை 1992 முதல் அதன் ஆரோலேப் நிறுவனமே தயாரிப்பதால் செலவும் இறங்கியது. எந்த மருத்துவமனையிலும் கேட்கலாம்: இந்த அறுவையை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், எத்தனை பேருக்குத் தொற்று வந்தது, எத்தனை பேர் மறுபடி வந்து படுத்தார்கள்? ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. மற்ற இடங்களில் கைவிடப்பட்டவர்களையும் ஏற்கும் பெரிய அரசு மருத்துவமனையில் இறப்பு விகிதம் கூடுதலாகத்தான் தெரியும். நோயின் தீவிரத்தைக் கணக்கில் எடுக்காத ஒப்பீடு அநியாயம்.

இனம் பிரித்த பில், வேறு மருத்துவரிடம் கருத்து, மருந்தை வெளிக்கடையில் வாங்கும் விருப்பம் ஆகியவற்றை தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளர் உரிமை சாசனம் சொல்கிறது. பணத் தகராறுக்காக இறந்தவரின் உடலைப் பிடித்துவைக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. கேட்டால் 72 மணி நேரத்தில் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதி.

முதலமைச்சர் காப்பீட்டில் அனுமதித்துவிட்டு மேலே பணம் கேட்டால் 1800 425 3993 எண்ணில் புகார் செய்யலாம். கட்டணம் வாங்கும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்துவிட்டது. செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் எல்லா ரசீதுகளையும் ஒரே பையில் போட்டுப் பத்திரப்படுத்தியிருந்தால் வழக்கில் பாதி வேலை முடிந்தது.