கருவியும் கையும் – 9: எட்டுப் படம், ஒரே விசை

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர வருகிறவர் ஆதார் நகலோடு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் கொடுக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் ஆட்களை மொத்தமாக அழைத்து வருகிற நாளில், ஸ்டுடியோ கணினி முன் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு நிமிர நேரமிருக்காது. முகத்தை வெட்ட வேண்டும். பின்னணியை நீக்கி, அடியில் வெள்ளை லேயர் வைக்க வேண்டும். ஓரக்கோடு போட்டு, எட்டு நகல் எடுத்து அடுக்க வேண்டும். 3.5×4.5 செ.மீ. படம் 4×6 அங்குலத் தாளில் சரியாக எட்டு அடங்கும். கடைசி ஆள் வருவதற்குள் கண் களைத்துவிடும். ஒருவர் முகம் இன்னொருவர் பெயரோடு அச்சாகிவிட்டால் கம்பெனி வாயிலில் நிற்கப் போவது அந்தத் தொழிலாளிதான். அதனால்தான் இந்தச் சின்ன வேலையைப் பற்றி ஒரு வாரம் முழுக்க எழுதுகிறேன்.

போட்டோஷாப்பில் லேயர் வந்தது 1994இல். செய்வதைப் பதிவு செய்து திருப்பி ஓட்டும் ‘ஆக்‌ஷன்’ 1996இல் வந்தது. அந்த மென்பொருள் திறக்கும்போது தெரியும் பெயர்ப் பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரை நம்மவர்கள் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறார்கள். இருந்தும் பல கடைகளில் ஆக்‌ஷன் பலகம் திறக்கப்படுவதே இல்லை.

திறந்தவர்களும் ஓரிடத்தில் சலித்துப் போகிறார்கள். பதிவின்போது மவுஸால் ஒரு லேயரைத் தொட்டால், ஆக்‌ஷன் அதன் பெயரைத்தான் நினைவில் வைக்கிறது. அடுத்த கோப்பில் அந்தப் பெயர் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். ஆல்ட் விசையோடு சதுர அடைப்புக்குறி விசையை அழுத்தி மேலும் கீழும் நகர்ந்தால், பெயரை விட்டுவிட்டு, ‘அடுத்த லேயர்’ என்றே பதிவாகும். முகத்தை வெட்டும் படியில் மட்டும் உரையாடல் பெட்டிக் குறியை இயக்கி வையுங்கள். ஆக்‌ஷன் அங்கே நின்று காத்திருக்கும். காது வெட்டுப்படாமல் பார்ப்பது மனிதக் கண்ணின் வேலை.

அடையாள அட்டைக்கு வேறு வழி உண்டு. ‘வேரியபிள்ஸ்’ வசதியில் பெயர் லேயரையும் பட லேயரையும் ஒரு சிஎஸ்வி பட்டியலோடு இணைத்தால், ஒவ்வொரு வரியும் ஓர் அட்டையாகும். பெயரும் படமும் ஒரே வரியில் இருப்பதால், பட்டியலை ஒருமுறை சரிபார்த்தால் போதும், ஆள் மாறாது. தமிழ்ப் பெயரென்றால் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை முதலில் இயக்குங்கள். இல்லையேல் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும்.

உரிமம் வாங்கக் காசில்லாத கடைக்கு ‘கிம்ப்’ இருக்கிறது. இலவசம்தான், ‘ஸ்கிரிப்ட்-ஃபு’ நிரல் எழுதி இதே வேலையை வாங்கலாம். கற்க மட்டும் கூடுதல் பொறுமை வேண்டும்.

கடை வைத்திருப்பவர்களே, கூட்டமில்லாத ஒரு மதியத்தை உங்கள் பையனுக்குக் கொடுங்கள். அவன் ஓர் ஆக்‌ஷனைப் பதிவு செய்து எஃப்2 விசையில் வைக்கட்டும். மூலப் படத்தில் கை வைக்காமல், நகலில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.