எதற்கும் அஞ்சாத கப்பல்

குளக்கரையில் நின்று நீங்களும் நான்கு நண்பர்களும் ஒரே நேரத்தில் கல் எறிகிறீர்கள். தொலைவில் மிதக்கும் தேங்காய் மட்டைதான் குறி. ஐந்து இடங்களில் தண்ணீர் தெறிக்கிறது. உங்கள் கல் எங்கே விழுந்தது? அது தெரியாவிட்டால், அடுத்த கல்லை இன்னும் வேகமாக எறிவதா, மெதுவாக எறிவதா என்று எப்படித் தீர்மானிப்பீர்கள்?

1900-ஆம் ஆண்டையொட்டிய போர்க்கப்பல்களில் பீரங்கி வீரர்களுக்கு இருந்த சங்கடமும் இதுவே. ஒரே கப்பலில் 12 அங்குலப் பீரங்கிகள் நான்கு, 6 அங்குலப் பீரங்கிகள் பல என்று கலந்து வைத்திருந்தார்கள். குண்டு கடலில் விழுந்தால் நீர் தூண்போல் எழும்பும். அதைப் பார்த்துத்தான் பீரங்கியின் கோணத்தைத் திருத்த வேண்டும். எந்தத் தூண் எந்தப் பீரங்கியினுடையது என்று தெரியாமல் குழம்பினார்கள்.

எல்லாப் பெரிய பீரங்கிகளும் ஒரே அளவில் இருந்தால்? இந்த யோசனை பல நாடுகளில் தோன்றியது. முதலில் கட்டி முடித்தது பிரிட்டன். கடற்படைத் தலைவர் ஜான் ஃபிஷர் விடாப்பிடியாக நின்றார். போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் 1905 அக்டோபரில் அடிக்கட்டை போட்டார்கள். மறு அக்டோபரில் கப்பல் கடலில் ஓடிக் காட்டியது! வேறு கப்பல்களுக்கென்று தயாரான பீரங்கிகளை எடுத்துக்கொண்டது இந்த வேகத்துக்கு ஒரு காரணம். பெயர் 'டிரெட்நாட்'. எதற்கும் அஞ்சாதது என்று பொருள். எடை சுமார் 18,000 டன். 12 அங்குலப் பீரங்கிகள் பத்து. ஒவ்வொரு குண்டும் ஏறக்குறைய 385 கிலோ.

எஞ்சினும் புதிது. பழைய கப்பல்களில் பெரும் பிஸ்டன்கள் மேலும் கீழும் இடித்தன. முழு வேகத்தில் நெடுநேரம் ஓடினால் தேய்மானமும் பழுதும்தான். டிரெட்நாட்டிலோ சார்லஸ் பார்சன்ஸின் டர்பைன்: நீராவி தகடுகளில் பாய, சக்கரம் சீராகச் சுழலும். வேகம் 21 நாட், அதாவது மணிக்கு 39 கிலோமீட்டர்.

ஒரு வேடிக்கையையும் கேளுங்கள். குண்டு விழுவதைக் கவனிப்பவர்கள் நிற்கும் கம்பத்தைப் புகைபோக்கிக்குப் பின்னால் நட்டுவிட்டார்கள்! படகு தூக்கும் கருவிக்கு அந்த இடம்தான் வசதி. நிலக்கரிப் புகையும் சூடும் கவனிப்பவர் முகத்தில் அடித்தன. எதைப் பார்ப்பதற்காகக் கப்பல் கட்டினார்களோ, அதையே பார்க்க முடியாமற் போயிற்று. பின்னால் வந்த சில கப்பல்களிலும் இதே தவறு நடந்தது என்றால் என்ன சொல்வது!

ஆனாலும் உலகம் பதறியது. முந்தைய போர்க்கப்பல்கள் அனைத்தும் ஒரே நாளில் பழசாகிவிட்டன, பிரிட்டனுடையவையும்தான். ஜெர்மனியும் புதிய வகைக் கப்பல்களைக் கட்டத் தொடங்கியது. இரு நாடுகளின் பணமும் கடலில் இறங்கியது. 1914-இல் போரே வந்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி, ஓட்டோ வெடிகன் என்ற ஜெர்மானியர் ஒரு சிறு நீர்மூழ்கியிலிருந்து மூன்று பிரிட்டிஷ் குரூசர்களை மூழ்கடித்தார். 1,400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1915 மார்ச் 18 அன்று, யு-29 என்ற வேறு நீர்மூழ்கியில் வந்த அவர் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஒரு டார்பிடோவை ஏவினார். அது குறி தவறியது. நீர்மூழ்கி மேலே எழும்பித் தலைகாட்டிவிட்டது. டிரெட்நாட் பீரங்கியைத் திருப்பவில்லை. நேரே பாய்ந்து முகப்பால் இடித்தது. யு-29-இல் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை.

1916 மே 31-இல் ஜட்லாந்து அருகே இரு நாட்டுப் பெரும் கடற்படைகளும் மோதியபோது டிரெட்நாட் அங்கே இல்லை. எதிரியின் போர்க்கப்பல் எதனோடும் அது ஒருமுறைகூடப் போரிடவில்லை. 1921-இல் பழைய இரும்பாக விற்கப்பட்டது.